டிரினிடாட்: பீப்பாய்கள் பாடும் தீவு

இருநூறு லிட்டருக்கு மேல் எண்ணெய் பிடிக்கும் பெரிய இரும்புப் பீப்பாயை நாம் டிரம் என்போம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் அதில்தான் பிடித்து வைப்போம். சாலை போடுகிறவர்கள் அதில் தார் காய்ச்சுவார்கள். கரீபியன் கடலில் இருக்கும் டிரினிடாட் தீவில் அந்த டிரம்மில் பாட்டு வாசிக்கிறார்கள். அதே டிரம்களைக் கடலுக்குள் வரிசையாக நிறுத்தி, கான்கிரீட் நிரப்பி, அதன்மேல் கோயிலே கட்டினார் ஒருவர். இந்த இரண்டையும் பார்க்கவாவது அந்த நாட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பேன்.

டிரினிடாட், டொபேகோ என்ற இரண்டு தீவுகளும் சேர்ந்து ஒரு நாடு. கரீபியன் தீவு வரிசையின் தென்கோடியில் இருக்கிறது. வெனிசுலாவின் கரை மிக நெருங்கிய இடத்தில் சுமார் 11 கிலோமீட்டர்தான். மொத்தப் பரப்பு 5,128 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏறத்தாழ 14 லட்சம். 1498ல் கொலம்பஸ் வந்தார், பிறகு ஸ்பானியர் ஆண்டார்கள், 1797ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1962 ஆகஸ்ட் 31 அன்று விடுதலை கிடைத்தது. பக்கத்துத் தீவுகளில் பல சுற்றுலாவை நம்பிப் பிழைக்க, இந்த நாடு எண்ணெயிலும் இயற்கை எரிவாயுவிலும் வாழ்கிறது. அதனால் இங்கே பயணிகளுக்காகப் போட்ட வேஷம் மிகக் குறைவு. ஊர் தனக்காகப் பாடுகிறது, தனக்காக ஆடுகிறது, தனக்காகச் சமைக்கிறது. நாம் போய் ஓரமாக நின்றால் நமக்கும் இடம் கொடுக்கிறார்கள்.

என் தம்பி அங்கே பாயிண்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். நான் கும்பகோணத்தில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுப்பவன். தை, மாசி வாக்கில் கார்னிவல் திருவிழா வரும், வந்து பாருங்கள் அண்ணா என்று அவன் பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போனேன். அவன் காட்ட நினைத்தது கார்னிவலை. என்னைப் பிடித்துக்கொண்டது அதற்கு முந்திய இரவுகள்.

கார்னிவலுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பான்யார்டுகள் விழித்துக்கொள்கின்றன. பான் என்றால் ஸ்டீல்பான், டிரம்மிலிருந்து பிறந்த வாத்தியம். பான்யார்ட் என்பது அந்தக் குழு ஒத்திகை பார்க்கும் திறந்த முற்றம். டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், சார்லட் தெருவில் ரெனகேட்ஸ், உட்புரூக் பகுதியில் ஃபேஸ் டூ என்று ஒவ்வொரு குழுவுக்கும் தன் முற்றம் உண்டு. யாரும் போய் நிற்கலாம். அலுவலகம் முடித்து வந்த பெண்கள், பள்ளிச் சீருடையைக் கழற்றி வந்த பையன்கள், தலை நரைத்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வாசிக்கிறார்கள். பெரிய குழுவில் நூறு பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் முன்னால் நோட்டுப் புத்தகம் கிடையாது. பாட்டைப் பகுதி பகுதியாகக் காதால் வாங்கி, கையால் திருப்பித் திருப்பி அடித்து மனத்தில் ஏற்றுகிறார்கள். எங்கள் குருகுலத்தில் பாடம் ஏறியதும் இப்படித்தான் என்பதால் என்னால் அந்த முற்றத்தை விட்டு நகர முடியவில்லை.

வாத்தியம் செய்கிற இடத்தையும் பார்த்தேன். டிரம்மின் அடித்தட்டைத்தான் முகமாகக் கொள்கிறார்கள். கனத்த சம்மட்டியால் அடித்து அடித்து அதைக் குழிந்த சட்டிபோல் கீழே இறக்குகிறார்கள். இரும்பு கிழியவும் கூடாது, தடித்து நிற்கவும் கூடாது. பிறகு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எல்லை வரைந்து, உளியால் கோடு பதித்து, பக்கச் சுவரை வேண்டிய உயரத்துக்கு வெட்டி, நெருப்பில் சுட்டு எடுக்கிறார்கள். கடைசி வேலை சுருதி சேர்ப்பது. சின்னச் சுத்தியலால் அடியிலிருந்து ஒரு தட்டு, மேலிருந்து ஒரு தட்டு. ஒரு ஸ்வரத்தைச் சரிசெய்தால் பக்கத்து ஸ்வரம் நழுவும், அதைப் பிடித்தால் முதலாவது நகரும். மிருதங்கத்தின் மூட்டில் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறவனுக்கு அந்தக் கையின் பொறுமை புரியும். உச்ச ஸ்வரங்களை வாசிக்கும் டெனர் பானில் ஒரே முகத்தில் இரண்டரை ஸ்தாயி அளவுக்கு ஸ்வரங்கள் அடங்கிவிடுகின்றன. மந்திர ஸ்தாயிக்கு முழு டிரம்களே வேண்டும். ஒருவரைச் சுற்றி ஆறு, ஒன்பது என்று நிறுத்தி, அவர் நடுவில் நின்று திரும்பித் திரும்பி வாசிக்கிறார். குச்சியின் நுனியில் ரப்பர் சுற்றியிருப்பதால் இரும்பின் கீச்சல் இல்லை. மணியின் தெளிவு மட்டும் வருகிறது.

இந்த வாத்தியம் வந்த வழியைச் சொல்லாமல் அதன் ஒலியைச் சொல்லக் கூடாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தோல் முரசு ஆட்சியாளர்களுக்குப் பயம் தந்தது. 1880களில் தெருவில் முரசு கொட்டத் தடை போட்டார்கள். மக்கள் மூங்கிலை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். அதன்பின் பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி. 1930களின் கடைசியிலும் 40களிலும் லாவென்டில் போன்ற ஏழைக் குன்றுப் பகுதிகளின் இளைஞர்கள், அடிபட்டுப் பள்ளமான தகரம் இடத்துக்கு இடம் வேறு ஸ்வரம் தருவதைக் கவனித்துவிட்டார்கள். ஸ்ப்ரீ சைமன், எல்லி மானெட் போன்றவர்கள் அதை வாத்தியமாக வளர்த்தார்கள். எண்ணெய்த் தொழிலும் போர்க்கால அமெரிக்கப் படைத்தளமும் இருந்த தீவில் காலி டிரம்முக்குப் பஞ்சமில்லை. ஆரம்பத்தில் பான் வாசிப்பவனை ரவுடி என்றார்கள், வீட்டுக்குள் விடமாட்டார்கள். 1951ல் ஒரு குழு லண்டன் விழாவுக்குப் போய் வாசித்து வந்த பிறகு ஊரின் பார்வை மாறத் தொடங்கியது. இன்று அது தேசிய வாத்தியம். ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் தினமாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது.

பான் குழுக்களின் பெரும் போட்டிக்குப் பானரமா என்று பெயர். 1963 முதல் நடக்கிறது. குயின்ஸ் பார்க் சவானா என்ற பெரிய புல்வெளியில், கார்னிவலுக்கு முந்திய சனிக்கிழமை இரவு இறுதிச் சுற்று. பாட்டு எட்டு நிமிடம்தான். அதற்குள் ஒரு கலிப்ஸோ அல்லது சோக்கா மெட்டை எடுத்து, விரித்து, வேகம் ஏற்றி, சுருதி மாற்றி, கொண்டாடி முடிக்க வேண்டும். டிக்கெட் வாங்கிக் கேட்பது நல்லதுதான். ஆனால் என் கட்சி பான்யார்ட். இரண்டு அடி தூரத்தில் அந்த ஒலி நெஞ்செலும்பில் இறங்குவதை மைதானத்தில் பெற முடியாது.

கார்னிவல், சாம்பல் புதனுக்கு முந்திய திங்களும் செவ்வாயும். திங்கள் விடியற்காலை நான்கு மணி அளவில் ஜூவே தொடங்குகிறது. உடம்பெல்லாம் சேறும் சாயமும் பூசிக்கொண்டு இருட்டிலேயே தெருவில் இறங்கி ஆடிப் போவார்கள். பழைய உடுப்பு போட்டுப் போங்கள், பக்கத்தில் வருபவர் அன்போடு உங்களுக்கும் பூசிவிடுவார். செவ்வாய்க்கிழமை இறகும் மணியும் வைத்த உடைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அணி அணியாகச் சவானா மேடையைக் கடக்கிறார்கள். எனக்கு மனம் நிறைந்தது பழைய வேடங்களில். நீலச் சாயம் பூசித் தீ உமிழ்ந்து வரும் பிசாசுகள், வாய் ஓயாமல் வீரம் பேசும் நள்ளிரவுக் கொள்ளையன், நம் கொக்கலிக்கட்டைக்காரர்களைவிட உயரமான கட்டையில் நடந்து வரும் மோக்கோ ஜம்பி. பத்து வயதுக் குழந்தைகூட அந்தக் கட்டையில் தயக்கமின்றி நடக்கிறது.

இனி கோயில் கட்டியவரின் கதைக்கு வர வேண்டும். அதற்கு முன் நம்மவர்கள் எப்படி அங்கே போனார்கள் என்பது.

அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845 மே 30 அன்று ஃபாத்தல் ரசாக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிக்காரர்கள். சில ஆயிரம் பேர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கரும். 1866க்குப் பிறகு வந்தவர்கள் முதலில் இறங்கியது போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு எதிரே கடலில் இருக்கும் நெல்சன் தீவில். உடம்பைப் பரிசோதித்து, நோய்க்காரர்களைப் பிரித்து, மற்றவர்களைத் தோட்டங்களுக்குப் பங்கிட்டு அனுப்பினார்கள். அந்தக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. தேசிய அறக்கட்டளை படகில் அழைத்துப் போய்க் காட்டுகிறது. கார்னிவல் கூச்சலுக்கு நடுவே அரைநாள் ஒதுக்கி அங்கே போய் வாருங்கள். கல் சுவரும் கடலும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் இந்த நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களின் முன்னோர் வந்த கதை அந்தச் சுவர்களில் இருக்கிறது.

தீவின் வரைபடத்தை விரித்தால் ஊர்ப் பெயர்களிலேயே அந்த வரலாறு படிக்கக் கிடைக்கிறது. ஃபைசாபாத், பராக்பூர், கோல்கொண்டா, மலபார், கோரமண்டல். தலைநகரின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் கல்கத்தா தெரு, டெல்லி தெரு, லக்னோ தெருவோடு மெட்ராஸ் தெருவும் இருக்கிறது. அங்கே இன்று தமிழ் பேசுபவர் இல்லை. எல்லோருக்கும் ஆங்கிலமும் அதன் தீவு வடிவமும்தான் மொழி. இந்தியர் வருகை நாளான மே 30 அரசு விடுமுறை. தீபாவளிக்கும் விடுமுறை. மாலையில் ஊர்கள் அகல் விளக்கில் எரியும்போது ஆப்பிரிக்க வம்சத்துக் குடும்பங்களும் குழந்தைகளோடு வந்து பார்த்து, இனிப்பு வாங்கிச் சாப்பிட்டுப் போகும்.

வந்தவர்கள் கொடுத்த உணவுதான் இன்று நாட்டுக்கே காலை உணவு. டபுள்ஸ் என்று பெயர். மஞ்சள் போட்டுப் பிசைந்த மைதாவைக் கையளவு தட்டி எண்ணெயில் பொரித்தால் பாரா. இரண்டு பாராவுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு, மேலே வெள்ளரித் துருவல், புளிச் சட்னி, மாங்காய்த் தொக்கு மாதிரியான குச்சலா. கொத்தமல்லி மணமுள்ள நீண்ட ஓர் இலையின் சட்னியும் சேரும். கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் காரம் எவ்வளவு என்று ஒரே கேள்விதான் கேட்பார். கொஞ்சம் என்றே சொல்லுங்கள். உலகிலேயே காரமானது என்று 2012ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் ஒன்றின் மிளகாய் ஆய்வு மையம் அறிவித்த மொருகா ஸ்கார்ப்பியன் இந்தத் தீவின் மிளகாய். 1936 வாக்கில் பிரின்சஸ் டவுன் ஊரில் எமாமூல் தீன் என்பவர் ஒரு பாராவில் கடலை வைத்து விற்றார் என்றும், வாங்கியவர்கள் இன்னொரு பாரா சேர்த்துக் கொடு என்று கேட்கக் கேட்க இந்தப் பெயர் நிலைத்தது என்றும் சொல்கிறார்கள். முழுக்கச் சைவம். காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் வங்கி அதிகாரியும் சுமை தூக்குபவரும் ஒன்றாக நின்று, சட்டையில் சொட்டாமல் முன்னால் குனிந்து, காகிதத்திலிருந்து நேராக வாயில் போட்டுக்கொள்கிறார்கள். மதியத்துக்கு டால்பூரி ரொட்டி. உள்ளே அரைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பு, பூர்ணம் மாதிரி, ஆனால் உப்பு. மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டைவிடத் தெருச் சாப்பாடுதான் இந்த நாட்டின் பெருமை.

இனி அந்தக் கடல் கோயிலின் கதை. தீவின் மேற்குக் கரையில் வாட்டர்லூ என்ற ஊர். முன்பு முழுக்கக் கரும்பு. சிறுவனாக இந்தியாவிலிருந்து வந்த சிவதாஸ் சாது அங்கே தோட்டத் தொழிலாளி. 1947ல் கரையோரம் ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனியுடையது. இடித்துவிடு என்றார்கள், நான் இடிக்கமாட்டேன் என்றார். வழக்குப் போட்டு அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள், 1952ல் கோயிலை இடித்தார்கள். வெளியே வந்தவர் நிலத்தில் இடமில்லை என்றால் கடலில் கட்டுகிறேன், கடல் யாருக்கும் சொந்தமில்லையே என்றார். அலை வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்குவார். சைக்கிளில் கல்லும் மணலும் சிமெண்டும் ஏற்றிக் கொண்டுபோய், டிரம்களை நிறுத்தி, கான்கிரீட் நிரப்பி, ஒவ்வொரு அடியாகக் கடலுக்குள் பாதை போட்டு, அதன் நுனியில் கோயிலை எழுப்பினார். சாகும்வரை அந்த வேலைதான். ஊரார் பைத்தியம் என்றார்கள் என்று அங்கே ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அவருக்குப் பிறகு, அவர் கட்டியதை அலை தின்றது. முதல் கப்பல் வந்த 150ஆம் ஆண்டை ஒட்டி, 1995 வாக்கில், அரசும் ஊரும் சேர்ந்து திருப்பிக் கட்டின.

இன்று கரையிலிருந்து நீண்ட பாதை வழியே நடந்து கோயிலுக்குப் போகலாம். எண்கோண வடிவில் வெள்ளைச் சுவர், வண்ணக் கோபுரம், இருபுறமும் மூங்கில் கழிகளில் மஞ்சள், சிவப்புக் கொடிகள். நுழைவில் கைகூப்பி நிற்கும் சாதுவின் சிலை. பக்கத்துக் கரையிலேயே தகன மேடைகள் இருக்கின்றன. நான் போன மாலையில் ஒரு சிதை எரிந்துகொண்டிருந்தது. கோயிலில் ஒரு கல்யாணக் கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை. கடல் வற்றியிருந்தால் பாதையின் அடியை எட்டிப் பாருங்கள். ஒரு தனி மனிதன் இடுப்பளவு சேற்றில் நின்று செய்த வேலை எவ்வளவு என்பது அப்போது தெரியும். வந்த வழியில் காராபிச்சைமாவில் 85 அடி உயர அனுமன் சிலையும், நம் ஊர்க் கோபுர அமைப்பிலேயே எழுப்பிய தத்தாத்ரேயர் கோயிலும் இருக்கின்றன. அவை பிரமாண்டமானவை, பெரும்பாலும் இவற்றைத்தான் படம் எடுக்கிறார்கள். சாதுவின் கோயில் சிறியது. என்னைக் கேட்டால் அது ஒன்று போதும்.

சென்னைக் கப்பலில் வந்தவர்களின் சுவடு வேறோர் இடத்தில் கிடைத்தது. தீவில் காளி கோயில்கள் என்று சொல்லப்படும் சிறு கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கிறது. மாரியம்மனே அங்கே பெரிய தெய்வம். கூடவே மதுரை வீரன், சங்கிலிக் கருப்பன், முனீஸ்வரன். பெயர்கள் தேய்ந்து வேறு உச்சரிப்பில் வருகின்றன. வேப்பிலை உண்டு, கரகம் உண்டு, அருள் வந்து குறி சொல்வது உண்டு. முக்கியமாகத் தப்பு உண்டு. பூசைக்கு முன் நெருப்பு மூட்டி, தப்பின் தோலை அனலில் காட்டிக் காட்டி விறைப்பேற்றினார்கள். அதை அடித்த இளைஞனின் பாட்டனின் பாட்டன் எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாது. தஞ்சாவூரா, வட ஆற்காடா, நெல்லூரா, யாருக்கும் தெரியாது. ஆனால் தோலைக் காய்ச்சும் முறை கைமாறிக் கைமாறி அவனிடம் வந்து நிற்கிறது. மண்சட்டியில் ஆட்டுத்தோல் கட்டி அடிக்கும் தாசா என்ற வடநாட்டு முரசையும் இதே மாதிரி நெருப்பில் காய்ச்சுகிறார்கள். மொகரம் ஊர்வலத்துக்கு உரிய அந்த முரசு இன்று கல்யாணங்களிலும் ஒலிக்கிறது. 1884ல் அந்த ஊர்வலத்துக்கும் தடை போட்டு, மீறி வந்தவர்களை சான் ஃபெர்னாண்டோவில் சுட்டுக் கொன்றார்கள் ஆங்கிலேயர்கள். பானுக்கு முன்னோடியான தோல் முரசுக்கும் தாசாவுக்கும் ஒரே காலத்தில் ஒரே பகை. இந்த நாட்டில் நாம் போய் ரசிக்கிறவற்றில் பல, செய்யக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் செய்தே தீர்த்தவை. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை.

இயற்கைக்கு வருகிறேன். கரோனி சதுப்புநிலத்தில் மாலை நான்கு மணி அளவில் படகு கிளம்பும். அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே வாய்க்கால் வழியே போகும்போது கிளையில் சுருண்டு கிடக்கும், மலைப்பாம்பு போன்ற போவாப் பாம்பைப் படகோட்டி காட்டுவார். பிறகு நீர் விரிந்த இடத்தில் படகைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெயில் சாயும்போது செந்நிற அரிவாள்மூக்கன்கள் வருகின்றன. முதலில் நாலு, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத கூட்டம். எல்லாம் ஒரே மரத்தீவில் போய் இறங்கும். பச்சை மரம் கொஞ்ச நேரத்தில் சிவப்பாகிறது. இளம் பறவைகள் பழுப்பாகத்தான் இருக்கும். நண்டும் இறாலும் தின்னத் தின்ன அதில் உள்ள நிறமி சிறகில் ஏறிச் சிவக்கின்றன. டிரினிடாட்டின் தேசியப் பறவை இது. கோடியக்கரையில் நாரை பார்த்துப் பழகியவர்கள் பைனாகுலர் எடுத்துப் போங்கள், படகுக்கும் மரத்துக்கும் தூரம் அதிகம்.

வடகிழக்கே கிராண்ட் ரிவியேர் கடற்கரைக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தோணியாமை முட்டையிட வருகிறது. உலகிலேயே பெரிய ஆமை வகை. பொதுவாக முந்நூறு கிலோ அளவுக்கு இருக்கும். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் இரவில் கரைக்குள் விடமாட்டார்கள். சிவப்பு விளக்கு மட்டும்தான். பின்துடுப்பால் மணலைக் கரண்டியில் அள்ளுவதுபோல் அள்ளிக் குழி தோண்டி முட்டையிடும் அந்தத் தாயை அருகில் நின்று பார்த்தேன். ஒரு காலத்தில் இறைச்சிக்காக இவற்றை வெட்டிய ஊர்க்காரர்களே இன்று காவலாக நிற்கிறார்கள், வருமானமும் அதிலிருந்து வருகிறது. இதைவிடச் சிறந்த பாதுகாப்பு முறை எனக்குத் தெரியாது.

தெற்கே லா பிரேயாவில் தார் ஏரி. சுமார் நூறு ஏக்கர் பரப்புக்கு இயற்கையான நிலக்கீல் வெளியே வந்து கிடக்கிறது. 1595ல் ஆங்கிலக் கடற்பயணி வால்டர் ராலே தன் கப்பல்களின் ஓட்டையை இதைக் கொண்டு அடைத்தார். மேலே நடக்கலாம், வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது, சில இடங்களில் கால் புதையும். அழகான இடம் என்று சொல்லமாட்டேன். விசித்திரமான இடம். வழியில் பாருங்கள், அடியில் தார் நகர்வதால் ஊரின் சாலைகளும் வீடுகளும் சாய்ந்து நிற்கின்றன.

டொபேகோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமானத்தில் அரைமணிக்குள், கப்பலில் நான்கு மணி நேரம் போல. தெளிந்த கடல், பிஜன் பாயிண்டின் வெண்மணல், பவளப் பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு நீர் நிற்கும் நைலான் பூல், நண்டுக் குழம்போடு தின்னும் மாவுருண்டை. கடற்கரை தேடுகிறவர்களுக்கு எல்லாம் அங்கே இருக்கிறது. நான் சொல்ல விரும்புவது அதன் காட்டைப் பற்றி. தீவின் முதுகெலும்பாக ஓடும் மெயின் ரிட்ஜ் காட்டை, மழை வரக் காடு வேண்டும் என்று சொல்லியே 1776ல் சட்டம் போட்டுக் காத்தார்கள். மேற்கு அரைக்கோளத்தில் சட்டம் காக்கும் காடுகளில் மிகப் பழையது அது. 1963ல் ஃப்ளோரா புயல் பெரும்பகுதியைச் சாய்த்தது, மீண்டும் வளர்ந்திருக்கிறது. மழை வேண்டி மரத்தை விட்டுவைத்த அந்தப் புத்தி நமக்கும் வேண்டும்.

கிரிக்கெட் ரசிகர்கள் குயின்ஸ் பார்க் ஓவலைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1971 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதல்முறையாக டெஸ்டில் வென்றது இங்கேதான். கவாஸ்கருக்கு அது முதல் டெஸ்ட், இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் நம் வெங்கட்ராகவன். சேப்பாக்கம் கொண்டாடிய டுவைன் பிராவோவும் லாராவும் சான்டா குரூஸ் பள்ளத்தாக்குக்காரர்கள். இலக்கிய வாசகர்கள் சாகுவானஸ் கடைத்தெருவில் லயன் ஹவுஸ் என்ற வெள்ளை மாளிகை முன் நிற்கலாம். எழுத்தாளர் நைபாலின் தாய்வழித் தாத்தா கட்டிய வீடு, நைபாலின் நாவலில் அனுமன் இல்லமாக வருவது.

போகும் வழி. இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. லண்டன், நியூயார்க், டொரண்டோ, பனாமா வழியாக மாறிப் போக வேண்டும். சுற்றுலாவாகப் போகும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு டிரினிடாட் விசா கேட்பதில்லை. ஆனால் வழியில் மாறும் நாட்டுக்கு விசா வேண்டியிருக்கும், அமெரிக்கா வழியென்றால் கட்டாயம். கிளம்பும்முன் விதிகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. மற்ற கரீபியன் தீவுகளைப் போலப் பெரும் புயல்கள் டிரினிடாட்டை அடிக்கடி தொடுவதில்லை. ஊருக்குள் மேக்சி டாக்சி என்ற சிற்றுந்துகள் ஓடுகின்றன. பக்கவாட்டுப் பட்டையின் நிறம்தான் வழித்தடம், கிழக்குக்குச் சிவப்பு, மத்திக்கும் தெற்குக்கும் பச்சை.

பாதுகாப்பு பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். கும்பல் வன்முறை இந்த நாட்டை வாட்டுகிறது. 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜூலையிலும் அரசு அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. இருட்டிய பின் தலைநகரில் தனியாக நடக்காதீர்கள், நகையை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள், குன்றுப் பகுதிகளுக்கு உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் போகாதீர்கள். பான்யார்டுக்குக் குழுவாகப் போய், தெரிந்த டாக்சியில் திரும்புங்கள். இவ்வளவு கவனம் எடுத்தால் பயப்படத் தேவையில்லை.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. டிரினிடாட்டிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 2027ல் கார்னிவல் பிப்ரவரி 8, 9 தேதிகளில் வருகிறது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள், பான்யார்டுகளில் ஒத்திகை சூடு பிடிப்பது அப்போதுதான்.